சிலுவைக்குப் போன வார்ணிஸ்

கொட்டாஞ்சேனை
12.8.1974

சேசு மரி சூசை

அன்புள்ள மாமிக்கு,

மருமகள் கிறேஸ் எழுதுவது. மாமியின் கால் வீக்கம் வற்றிவிட்டதா? நான் இங்கே கன்னியர் விடுதியில் சுகமாக இருக்கிறேன். தையல் வேலையும் குறைவில்லாமல் வருகிறது. லியோனும் நீங்களும் சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன்.

லியோனுக்கு ஒரு பெட்டியை ரயில் பார்சலில் போட்டிருக்கிறேன். யாழ்ப்பாணம் ஸ்டேசனில் எடுக்கலாம். உள்ளே இருப்பது பேஸ் கிற்றார். முழுசாக இல்லை, துண்டு துண்டாக இருக்கும். அவன்தான் பூட்டிப் பூச்சுப் பூசி முடிக்க வேண்டும். இலண்டனிலிருந்து வந்த ஒருவர் கொண்டுவந்து விற்றார். செய்து முடித்த கிற்றாரை இப்போது வெளிநாட்டிலிருந்து இறக்க விடுகிறார்கள் இல்லை. பலகையும் ஆணியும் என்றபடியால் விட்டுவிட்டார்கள்.

எங்கள் பங்கைச் சேர்ந்த சில்வெஸ்ரர் ஒரு பாண்ட் வைத்திருக்கிறார். கலியாண வீடுகளுக்கும் ஹோட்டல்களுக்கும் போவார்கள். அவருடைய பேஸ்காரர் அவுஸ்திரேலியாவுக்குப் போகிறார். போன தவக்காலத்தில் லியோன் இங்கே வந்து கோயிலில் கிற்றார் வாசித்ததைச் சில்வெஸ்ரர் கேட்டிருக்கிறார். “சொந்தக் கிற்றாரோடு தை மாதம் வந்தால் இடம் அவனுக்கு. வராவிட்டால் வேறு ஆளை எடுப்பேன்” என்று சொல்லிவிட்டார். சம்பளமும் தங்க இடமும் உண்டு.

மாமி, லியோனின் அப்பா கடலோடு போன நாளிலிருந்து பிள்ளை உங்களிடம்தான். இனி என்னிடம் விடுங்கள். இந்த ஒரு முறை தடுக்காதீர்கள்.

மாதா உங்களைக் காப்பாளாக.
கிறேஸ்

அல்லைப்பிட்டி
3.9.1974

சேசு மரி சூசை துணை

குருசுமுத்தின்ரை பெண்சாதி கிறேசுக்கு மாமி செபஸ்தியம்மா எழுதிக்கொள்வது. நான் இன்னும் சாகேல்லை. அதைத்தான் சுத்தி வளைச்சுக் கேட்டனீர் எண்டு நினைக்கிறன். கால் வத்திப்போச்சு. உமக்குச் சுகம் எண்டு எழுதியிருக்கிறீர். கர்த்தர் உமக்கு ஒருநாளும் சுகத்திலை குறை வைக்கேல்லைத்தானே.

பெட்டி வந்தது. பஸ்ஸிலை அதைச் சவப்பெட்டி எண்டு நினைச்சுச் சனம் எழும்பி இடம் விட்டதாம். திறந்தால் கழுத்து ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். வயிறு எண்டு ஒண்டுமில்லை, வெறும் பலகை. கம்பி ஒவ்வொண்டும் சுறாத் தூண்டில் கம்பி மொத்தம். திருகாணி ஒரு பேணி நிறைய. வள்ளம் கட்டுற பஸ்ரியாம்பிள்ளை வந்து திருப்பித் திருப்பிப் பாத்திட்டு, “அக்கா, இது துடுப்புக்கும் ஆகாது, சோறு துழாவவும் பெரிசு” எண்டான். லியோன் அவனோடை கதைக்கிறதை விட்டிட்டான்.

இங்கிலீசுக் கடதாசி ஒண்டும் உள்ளை கிடந்தது. அகராதியை மடியிலை வைச்சு ஒவ்வொரு சொல்லாய்க் கடிச்சுத் துப்பிறான். கடலாலை வந்தால் சோறு வேண்டாம், தண்ணி வேண்டாம். கழுத்து உடம்புக்குள்ளை இறங்கேல்லை எண்டு போத்தில் ஓட்டாலை சுரண்டினான். பிறகு திருக்கைத் தோலாலை தேய்ச்சான். பலகை இப்ப குழந்தைப் பிள்ளையின்ரை முதுகு மாதிரிக் கிடக்கு.

நான் தடுக்கிறன் எண்டு எழுதியிருக்கிறீர். நான் என்னத்தைத் தடுத்தனான்? குருசுமுத்து உம்மைத்தான் கட்டுவன் எண்டு வந்து நிண்ட நேரமே தடுக்கேல்லை. நீர் வந்த முதல் நாள் நான் சுறா வறை வறுக்க, என்ரை குசினி வாசல்லை நிண்டு லேஞ்சியாலை மூக்கைப் பொத்தினனீர். நீலக்கரை போட்ட லேஞ்சி. அப்பவும் வாய் திறக்கேல்லை. அவன் செத்துக் கரை ஒதுங்கேக்கை முகத்தைப் பாக்க மாட்டன் எண்டு அறைக்குள்ளை இருந்தனீர். அப்பவும் ஒண்டும் கேக்கேல்லை. எல்லாம் எனக்குள்ளை பத்திரமாய்க் கிடக்கு.

கர்த்தர் எல்லாருக்கும் அவரவர் செய்ததுக்குத் தக்கதைக் குடுக்கட்டும்.
செபஸ்தியம்மா

கொட்டாஞ்சேனை
20.9.1974

சேசு மரி சூசை

அன்புள்ள மாமிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கால் சுகப்பட்டது நல்ல செய்தி.

அந்த லேஞ்சியைப் பற்றி நீங்கள் எழுதாத கடிதம் இல்லை. தோணியில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்து இறங்கியவள் மாமி நான். எந்த மணத்தையும் தாங்கும் நிலையில் இருக்கவில்லை. அதை அன்றைக்கே சொன்னேன். நீங்கள் கேட்க விரும்பவில்லை.

நானும் ஒன்று கேட்கலாமா? நான் வேலைக்காகக் கொழும்புக்குப் புறப்பட்ட காலையில் லியோனை எங்கே ஒளித்து வைத்தீர்கள்? அவன் சட்டைகளையும் என் பெட்டியில் அடுக்கியிருந்தேன். பஸ் வெளிக்கிடும் வரைக்கும் வேலி வேலியாக அவன் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினேன். “பிள்ளை விளையாடப் போட்டான், நீர் போம்” என்றீர்கள். எனக்குள்ளும் சில பத்திரமாக இருக்கின்றன.

அது போகட்டும். லியோனிடம் இதைச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒருமுறை பூட்டிச் சத்தம் பார்த்துவிட்டு, மறுபடி கழற்றி, அதன் பிறகுதான் பலகைக்கு வார்ணிஸ் பூச வேண்டும். சில்வெஸ்ரர் ஒரு விஷயத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். பச்சைப் பலகையில் எண்ணெய் படவே கூடாது. பட்டால் பலகை குடித்துவிடும், பிறகு எந்தப் பூச்சும் பிடிக்காதாம். அங்கே வார்ணிஸ் கிடைக்காது என்று தெரியும். ஐப்பசிக் கடைசியில் என்னோடு விடுதியில் இருக்கும் கத்தரீனா ஊருக்கு வருகிறாள், அவளிடம் ஒரு பேணி கொடுத்துவிடுகிறேன்.

இதை அவனுக்கே எழுதியிருப்பேன். உங்கள் கையால் வாங்காத கடிதம் அந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்ற உங்கள் சட்டத்தை நான் மறக்கவில்லை.

மாதா உங்களோடு இருப்பாளாக.
கிறேஸ்

அல்லைப்பிட்டி
21.10.1974

சேசு மரி சூசை துணை

கிறேசுக்கு மாமி எழுதிக்கொள்வது. நான் சுகம். லியோனுக்குத் தடிமன், கொத்தமல்லி அவிச்சுக் குடுத்தனான். நீரும் மழைக்கை திரியாதையும்.

கிற்றார் பூட்டியாச்சு. ஊர்காவற்றுறையிலை றேடியோ திருத்துறவன் வயரெல்லாம் ஈயம் வைச்சு ஒட்டிக் குடுத்தவன். லியோன் பங்குச் சுவாமியிட்டைக் கேட்டுக் கோயில் ஸ்பீக்கர் பெட்டியிலை கொழுவிப் பாத்தவன். நான் தூணோடை சாய்ஞ்சு செபமாலை சொல்லிக்கொண்டு இருந்தனான்.

தட்டினான். சத்தம் காதுக்கு வரேல்லை. நிலத்துக்குள்ளாலை வந்து குதிக்காலிலை ஏறி நெஞ்சுக்கை நிண்டது. குருசுமுத்து என்ரை வயித்துக்கை கிடந்து முதல்முதல் உதைச்சது எனக்கு ஞாபகம் வந்தது. எந்த மணியிலை நிண்டனான் எண்டு தெரியாமல் செபமாலையைத் திரும்ப முதல்லை இருந்து தொடங்கினன்.

அவன்ரை முகத்தைப் பாத்தன். கண் திறந்து கிடக்கு, ஆள் அங்கை இல்லை. எங்கையோ போட்டான்.

முடிச்சிட்டு ஓடிவந்து, “அப்பாச்சி, எப்பிடி?” எண்டான். “பல்லு உளையிற மாதிரிக் கிடக்கு” எண்டன். சிரிச்சான். என்னைத் தூக்கிச் சுத்தினான், கோயிலுக்குள்ளை.

வேறை எழுத ஒண்டுமில்லை.
செபஸ்தியம்மா

அல்லைப்பிட்டி
18.11.1974

சேசு மரி சூசை துணை

மருமகள் கிறேசுக்கு மாமி அன்போடை எழுதிக்கொள்வது. இஞ்சை எல்லாரும் சுகம். நீர் சுகமாய் இருக்க வேண்டிக்கொள்ளுறன்.

வார்ணிஸ் பேணி கத்தரீனா கொண்டுவந்து என்ரை கையிலை தந்தாள். நல்ல சாமான். ஒரு சொட்டும் வீண்போகேல்லை. பூசினது கண்ணாடி மாதிரிப் பளபளக்குது. சனம் நிண்டு தடவிப் பாத்திட்டு, இது எங்கத்தைப் பூச்சு எண்டு கேக்குது. கொழும்பிலை இருந்து மருமகள் அனுப்பினது எண்டு சொல்லுறன்.

லியோன் தைக்கு வருவான். நான் மறிக்கேல்லை. பிள்ளை தாயிட்டைப் போறதுதானே முறை. அவனோடை கொஞ்சச் சுறாக் கருவாடும் கட்டிவிடுறன், நல்லாய்ச் சுத்திக் கிற்றார்ப் பெட்டியோடை சேத்துத்தான் விடுவன். உடம்பைக் கவனியும்.

மாமி செபஸ்தியம்மா

கொட்டாஞ்சேனை
9.12.1974

சேசு மரி சூசை

என் அன்புள்ள மாமிக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். ‘மருமகள்’ என்று நீங்கள் எழுதியது இதுதான் முதல் முறை. மாதா சுரூபத்தின் காலடியில் அதை வைத்து அழுதேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

மாமி, நானும் கடுமையாக எழுதியிருக்கிறேன். அந்தப் பஸ் கதையை இனி எழுதமாட்டேன். லியோன் இங்கே கால் ஊன்றியதும் உங்களையும் அழைக்கிறேன். கண்டி, மடு எல்லாம் காட்டச் சொல்லுவோம். சில்வெஸ்ரர் அவனுக்கு வெள்ளைச் சட்டை தைக்கச் சொல்லி அளவு கேட்டார். உங்களிடம் கேட்டால் சட்டம் போடுவீர்களோ என்று பயந்து, என் மனதில் உள்ள அளவுக்கே தைத்துவிட்டேன். பெரிதாகிவிட்டதோ தெரியவில்லை.

நத்தார் வாழ்த்துக்கள். உங்கள் காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

அன்பு மருமகள்
கிறேஸ்

கொட்டாஞ்சேனை
27.1.1975

மாமிக்கு,

நலம் கேட்டு எழுத என்னால் முடியவில்லை.

ரயில் பிந்தி வந்தது. லியோன் ஸ்டேசனிலிருந்து நேரே கலியாண மண்டபத்துக்குப் போனான். பெட்டியைத் திறந்ததும் ஒரு மணம். உங்கள் கருவாடு என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அந்தப் பொதியை வெளியே கொண்டுபோய் வைத்தேன். சில்வெஸ்ரர் கிற்றாரைப் பார்த்து, “கறுப்பாய் வந்திருக்கு, பூச்சு புதுமாதிரி” என்றார். லியோன், “எங்கடை ஊர்ப் பூச்சு அண்ணை” என்று பெருமையோடு சொன்னான். அவனுக்கு எதுவும் மணக்கவில்லை மாமி. பிறந்த நாளிலிருந்து அதற்குள் வளர்ந்தவன். அவன் மூக்குக்கு அது வீட்டு வாசம்.

மேடை விளக்கின் சூட்டுக்குக் கிற்றார் வியர்க்கத் தொடங்கியது. வள்ளத்துக்குப் பூசும் சுறா எண்ணெய் கசிந்து, நான் தைத்த வெள்ளைச் சட்டையில் வயிற்றோடு பெரிய கறுப்பு வட்டமாக ஊறியது. மணம் மண்டபம் முழுக்கப் பரவியது. பொம்பிளை வீட்டார் எழும்பினார்கள். யாரோ ஒருவர், “கோழி புரியாணி எண்டாங்கள், மீன் சந்தைக்கெல்லோ கூட்டிக்கொண்டு வந்திருக்கினம்” என்று கத்தினார். அவன் கண்ணை மூடி வாசித்துக்கொண்டே இருந்தான். சிரிப்பைக் கைதட்டல் என்று நினைத்தானாம்.

மண்ணெண்ணெய், சவர்க்காரம், சாம்பல் எல்லாம் போட்டுத் தேய்த்தோம். பலகை குடித்துவிட்டது. வெயிலில் வைத்தால் இன்னும் கக்குகிறது. சில்வெஸ்ரர் நல்ல மனிதர். “தம்பி, சத்தத்திலை ஒரு குறையும் இல்லை. ஆனால் இதை மேடையிலை ஏத்த ஏலாது” என்றார். அடுத்த கிழமை வேறொரு பெடியன் கிற்றாரோடு வந்துவிட்டான். இங்கே தெருவில் என் பிள்ளைக்கு இப்போது ‘கருவாட்டு லியோன்’ என்று பெயர்.

அம்மா வார்ணிஸ் அனுப்ப மறந்துவிட்டாள் என்று அவனிடம் சொன்னீர்களாம். நான் அனுப்பிய வார்ணிஸ் எங்கே?

கிறேஸ்

அல்லைப்பிட்டி
15.2.1975

சேசு மரி சூசை துணை

கிறேசுக்கு செபஸ்தியம்மா எழுதிக்கொள்வது. நான் சுகம். நலம் கேக்காமல் கடதாசி எழுத எங்களைப் பெத்தவை பழக்கேல்லை. நீர் சுகமோ?

வார்ணிஸ் எங்கை எண்டு கேட்டனீர். சேமக்காலையிலை கிடக்கு. ஆத்துமாக்கள் திருநாளுக்குக் கல்லறையள் துப்பரவாக்கப் போன இடத்திலை குருசுமுத்தின்ரை மரச்சிலுவையைப் பாத்தன். வெளிறிப்போய், செல் அரிக்கத் தொடங்கி. கட்டினவள் எண்டு ஒருத்தி கொழும்பிலை இருக்கிறாள், வந்து ஒரு மெழுகுதிரி கொளுத்தினதில்லை. அவள் அனுப்பினதை அவள் கட்டினவனுக்குப் பூசினன். இதிலை என்ன களவு கண்டனீர்? பளபளக்குது எண்டு எழுதினனான். பொய் எழுதேல்லை.

எண்ணெய் எண்டு ஒப்பாரி வைச்சிருக்கிறீர். என்ரை மனுசன்ரை வள்ளத்துக்கும் குருசுமுத்தின்ரை வள்ளத்துக்கும் நான்தான் சுறா எண்ணெய் பூசினனான். ஒரு பலகை உக்கினதில்லை. அந்த எண்ணெயிலைதான் நீர் கலியாணம் கட்டினீர், அந்த எண்ணெயிலைதான் உம்மடை பிள்ளை வளந்தான். மணக்குதாம்.

மண்டபத்திலை எத்தினை பேர் லேஞ்சி எடுத்தவை எண்டு நீர் எழுதேல்லை. நீரும் எடுத்தனீரோ?

பிள்ளையை அனுப்பும். மாசிக் கடல் நல்லாய்க் கிடக்கு. இஞ்சை ஆரும் அவனை மணந்து பாக்கமாட்டினம்.

செபஸ்தியம்மா

கொழும்புத் துறைமுகம்
22.3.1975

அப்பாச்சி அறிய லியோன் எழுதுவது.

நான் இண்டைக்குக் கப்பலிலை ஏறுறன். கிரேக்கக் கப்பல். அடுப்படி வேலை. அம்மாவுக்கும் போற நேரத்திலைதான் சொன்னனான். அவ எனக்கெண்டு வாடகைக்கு எடுத்த அறையிலையும் என்னாலை இருக்க ஏலாது. என்னைப் பாக்கேக்கை எல்லாம் அந்தச் சட்டையைப் பாக்கிறா.

நீங்கள் எழுதின கடதாசியை அம்மா காட்டினவ. சேமக்காலையிலை அப்பாவின்ரை சிலுவை மினுங்கேக்கை நான் உங்களைக் கேட்டனான், அப்பாச்சி. “பஸ்ரியாம்பிள்ளை மிச்சம் கிடந்ததைத் தந்தவன்” எண்டனீங்கள். எண்ணெயைப் பூசேக்கை பக்கத்திலை குந்தி இருந்து, “இஞ்சையும் பூசு, கழுத்துக்கும் பூசு, நல்லாய்க் குடிக்கட்டும்” எண்டு விரலாலை காட்டினனீங்கள். பூசி முடிஞ்ச கையோடை எனக்குச் சோறு குழைச்சுத் தீத்தினனீங்கள்.

கிற்றாரின்ரை கழுத்தைச் சில்வெஸ்ரர் அண்ணையிட்டைக் குடுத்திட்டன். உடம்பைத் துறைமுகத் தண்ணிக்கை போட்டன். தாழேல்லை. எண்ணெய் குடிச்ச பலகை எல்லோ, மிதந்துகொண்டு போச்சு.

போகாதை எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். நான் நிண்டிருப்பன்.

காலைக் கவனியுங்கோ.
லியோன்

அல்லைப்பிட்டி
30.11.1975

சேசு மரி சூசை துணை

கிறேசுக்கு மாமி எழுதிக்கொள்வது. உம்மடை சுகத்துக்கு மன்றாடுறன். என்ரை கால் திரும்ப வீங்கிப்போச்சு. கிணத்தடி மட்டும்தான் நடை.

வைகாசியிலை ஒரு கடதாசி போட்டனான், மறுமொழி இல்லை. ஆவணியிலை போட்டதுக்கும் இல்லை. தபால்காரன் என்னைக் கண்டால் சைக்கிளை மற்ற ஒழுங்கையாலை திருப்பிறான். நாயே, உன்ரை கொப்பனுக்கு நான் பால் குடுத்தனான் எண்டு கத்தினன்.

எங்கையோ ஒரு கப்பல் தண்ணிக்கை தாண்டு போச்சு எண்டு றேடியோவிலை சொன்னதாம். என்ன கப்பல் எண்டு கேட்ட ஒருத்தருக்கும் பேர் தெரியேல்லை. லியோன்ரை கப்பலுக்கு என்ன பேர்? அவன்ரை விலாசத்தை அனுப்பும். நான் நீட்டி எழுதமாட்டன். சுகமோ எண்டு மட்டும்தான். பழையது ஒண்டும் கிளறமாட்டன்.

நீர் தாய், உமக்கு விளங்கும் எண்டு எழுத என்ரை கை வரமாட்டன் எண்டு நிண்டது. எழுதிப்போட்டன்.

செபஸ்தியம்மா

கொட்டாஞ்சேனை
8.3.1976

மாமிக்கு,

லியோன் சுகம். விலாசம் என்னிடம் இருக்கிறது. தரமாட்டேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று அவனுடைய கடிதமும் என் மேசையில் இருந்தது. கோபமெல்லாம் போய்விட்டதாம். கப்பலிலும் அப்பாச்சி குழைத்துத் தந்த சோறுதான் நினைவாம். சித்திரையில் கப்பல் கொழும்புக்கு வரும், இறங்கியதும் முதலில் அல்லைப்பிட்டிக்குத்தான் போவேன், ஒருவேளை அங்கேயே நின்றுவிடுவேன் என்று எழுதியிருந்தான். இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பிறகு அவனுக்கு மறுமொழி எழுதினேன்.

நீங்கள் நத்தாருக்கு முந்தியே காலமாகிவிட்டீர்கள் என்று எழுதினேன். நித்திரையில், நோகாமல் போனதாக எழுதினேன். அந்த அளவுக்குத் தயவு செய்தேன். இனி ஊருக்குப் போக அவனுக்கு ஒரு காரணமும் இல்லை. இறங்கினால் என்னிடம்தான் வருவான்.

உங்கள் ஆத்துமாவுக்குப் பூசை வைக்கச் சொல்லி எழுதினான். போன கிழமை எங்கள் கோயிலில் நடந்தது. சுவாமி உங்கள் பெயரை வாசித்தபோது நானும் முழங்காலில் நின்றேன்.

கிறேஸ்

அல்லைப்பிட்டி
17.3.1976

சேசு மரி சூசை துணை

கிறேசுக்கு செபஸ்தியம்மா எழுதிக்கொள்வது. கடதாசி கிடைச்சுது. காலமை கஞ்சி குடிச்சனான், சுகமாய் இருக்கிறன். நீரும் சுகமாய் இரும்.

நான் வந்து நிப்பன் எண்டு பயப்படாதையும். கிணத்தடிக்குப் போக ஏலாதவள் கொழும்புக்கு வாறதில்லை. ஆரையும் பிடிச்சு எழுதுவிக்கவும் மாட்டன். யோசிச்சுப் பாத்தன். என்னை உயிரோடை கண்டால் பிள்ளைக்கு எண்ணெய்தான் ஞாபகம் வரும். செத்தவளிலை ஆரும் கோபம் வைக்கிறதில்லை. சொன்னது சொன்னதாய்க் கிடக்கட்டும்.

நீர் முழங்காலிலை நிண்டதை எழுதினனீர். அதை நான் கேக்கேல்லை.

பூசை காசு கூடின பாட்டுப் பூசையோ, வெறும் பூசையோ? பிள்ளை எதை வைக்கச் சொல்லி எழுதினவன்? அதை மட்டும் எழுதும்.

செபஸ்தியம்மா